கட்டமா, வெறும் வெளிச்சமா, தேனடையா: அக்காவுக்கு எந்த ஈ.ஆர்.ஜி.?

சீட்டில் டாக்டர் எழுதியிருந்தது மூன்றே எழுத்து. ஈ.ஆர்.ஜி. எலக்ட்ரோரெட்டினோகிராம், விழித்திரையில் எழும் மின்சாரத்தை அளக்கும் சோதனை. கவுன்ட்டரில் இருந்த பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்த ஈ.ஆர்.ஜி. சார்? ஃபுல் ஃபீல்டா, பேட்டர்னா, மல்டிஃபோகலா?" என்று கேட்டார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 28 வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். அன்றைக்கு முழித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார். பக்கத்தில் நின்ற அக்கா, "மூணும் ஒண்ணுதானே மக்கா, வெல கொறஞ்சத எடுக்கச் சொல்லு" என்றாள். நான் விலையைக்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கே எடுத்து முடிக்கலாம் என்று எதைச் சொன்னார்களோ அதைத் தலையாட்டிவிட்டேன். அது பேட்டர்ன்.

காலையிலேயே விழித்திரையைப் பார்ப்பதற்காகச் சொட்டு மருந்து விட்டு அக்காவின் கண்பாவையை விரித்திருந்தார்கள். வாசிக்கிற கண்ணாடி தக்கலையில் வீட்டு மேசை மேல் இருந்தது. இரண்டையும் யாரும் கேட்கவில்லை. சோதனை முடிந்து வந்த தாளில் அலை, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத் தட்டையாகக் கிடந்தது. கீழே "மறுபடி எடுக்கவும்" என்று எழுதியிருந்தார்கள். ஒரு நாள் போச்சு, காசும் போச்சு. பேருந்தில் திரும்பும்போது முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வந்த அக்கா, "எனக்குக் கண்ணு போச்சுன்னு அர்த்தமா?" என்று கேட்டாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அப்படியும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தக் கோபத்தில் உட்கார்ந்து படித்ததுதான் இந்தக் கட்டுரை. மருத்துவர் சொல்வதற்கு இது மாற்றல்ல. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு உதவும்.

அக்காவின் நிலவரம் முதலில். வயது 61, எடை 48 கிலோ. முடக்குவாதத்துக்காக 11 வருஷமாக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறாள். கை விரல்கள் மடங்காமல் கிடந்தவளை மறுபடி தேங்காய் துருவ வைத்த மாத்திரை அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கம் 2016இல் சொன்ன அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது. அக்காவுக்கு அது 240 மில்லிகிராம். முதல் ஏழு வருஷம் அவள் விழுங்கியது 400. சரியான அளவில் சாப்பிடுபவர்களுக்கு முதல் 5 வருஷத்தில் விழித்திரை பாதிக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே, 10 வருஷம் வரை 2 சதவீதத்துக்கும் கீழே. 20 வருஷம் தாண்டினால் கிட்டத்தட்ட 20 சதவீதம். அளவு கூடினால் கணக்கும் கூடும். பாதித்தது திரும்பி வராது. மாத்திரையை நிறுத்திய பிறகும் பாதிப்பு கொஞ்ச காலம் நகரலாம். அதனால்தான் பார்வை மங்குவதற்கு முன்பே பிடிக்க வேண்டியிருக்கிறது.

விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. படத்தில் அவளுக்குத் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டன் அழுத்த வேண்டிய ஃபீல்டு டெஸ்ட் இரண்டு தடவை எடுத்தார்கள், ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. "பட்டன அமுக்கி அமுக்கி ஒறக்கம் வந்துட்டு மக்கா" என்று அவளே ஒப்புக்கொண்டாள். நோயாளி பட்டன் அழுத்தாமல் கண்ணே நேரடியாகப் பதில் சொல்லும் சோதனை வேண்டும் என்றுதான் ஈ.ஆர்.ஜி. எழுதப்பட்டது.

விழித்திரையில் வெளிச்சம் பட்டால் மின்சாரம் எழும் என்பது பழைய செய்தி. ஸ்வீடனில் ஹோல்ம்கிரென் தவளைக் கண்ணில் 1865இலேயே அதைக் கண்டார். அந்த அலையைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டிய ராக்னர் கிரானிட்டுக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்குப் பிடிபடாமல் இருந்தது வேறு விஷயம்: ஒரே கண், ஒரே மின்முனை, ஆனால் எதிரே காட்டும் உருவம் மாறினால் பதில் சொல்லும் செல் வகையே மாறிவிடுகிறது. மூன்று சோதனைகளுக்கும் அடிப்படை வித்தியாசம் இதுதான். இயந்திரத்தின் விலையையும் புதுமையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபுல் ஃபீல்டில் உருவமே கிடையாது. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தால் கண் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும். அதற்கு முதலில் அசைவது ஒளியை வாங்கும் கம்பிச் செல்களும் கூம்புச் செல்களும். கீழிறங்கும் ஏ அலை அவற்றுடையது. அடுத்து மேலெழும் பி அலை அவற்றுக்குப் பின்னுள்ள இருமுனைச் செல்களின் வேலை. நூற்றுக்கணக்கான மைக்ரோவோல்ட் வரும். பெரிய அலை, எடுப்பது சுலபம். ஆனால் மூளைக்குக் கம்பி இழுக்கும் கேங்க்லியான் செல்கள் இந்த அலையில் அனேகமாகத் தலைகாட்டுவதே இல்லை. மாகுலா என்ற நடுப்பகுதி தனியாகக் கெட்டாலும் இதில் தெரியாது, ஏனென்றால் மொத்தக் கூம்புச் செல்களில் சிறு பங்குதான் அங்கே இருக்கிறது. ஊர் முழுக்க எடுத்த ஓட்டில் ஒரு தெருவின் ஓட்டு கரைந்துபோவது மாதிரி.

பேட்டர்ன் அப்படியில்லை. திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், நம் ஊர்ச் சாரத்தில், அதாவது லுங்கியில், இருப்பது போல. குறித்த நேரத்தில் கறுப்பு எல்லாம் வெள்ளையாகும், வெள்ளை எல்லாம் கறுப்பாகும். மொத்த வெளிச்சம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இயற்பியல் வாத்தியாராக எனக்கு இந்த இடம்தான் ருசித்தது. ஒளி கூடிய பாதியில் மேலே எழும் அலையும், ஒளி குறைந்த பாதியில் கீழே இறங்கும் அலையும் கண்ணின் மேல்பரப்புக்கு வருவதற்குள் ஒன்றையொன்று அடித்துத் தீர்த்துவிட வேண்டும். விழித்திரை வெறும் நேர்விகிதக் கருவியாக இருந்தால் மின்முனையில் பூஜ்யம்தான் வரும். வருவதோ பூஜ்யமல்ல, சில மைக்ரோவோல்ட். அந்த மிச்சம் பெரும்பாலும் கேங்க்லியான் செல்களுடையது. அந்தச் செல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடுவட்டமும் அதற்கு எதிராக இயங்கும் ஒரு சுற்றுவட்டமும் உண்டு என்று குஃப்ளர் 1953இல் பூனைக் கண்ணில் காட்டினார். இரண்டிலும் ஒரே வெளிச்சம் பட்டால் செல் பெரிதாக அசையாது; நடுவில் ஒன்று, சுற்றில் வேறொன்று பட்டால்தான் துள்ளும். கட்டம் போட்ட திரை அதற்கென்றே செய்தது போல இருக்கிறது.

இதற்குச் சாட்சி 1981இல் இத்தாலியிலிருந்து வந்தது. மஃபேயும் ஃபியொரென்டினியும் பூனையின் ஒரு கண்ணில் பார்வை நரம்பைத் துண்டித்துவிட்டுக் காத்திருந்தார்கள். கேங்க்லியான் செல்கள் நாள்பட அழிந்தன. வெளிச்சம் அடித்தால் வரும் அலை அப்படியே இருந்தது. கட்டம் மாற்றினால் வரும் அலை காணாமல் போனது. பூனைக்கு இரக்கப்படலாம், ஆனால் இரண்டு சோதனைகளும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் எனக்குத் தெரியவில்லை.

கட்டத்தின் அளவும் முக்கியம். சர்வதேச வழிகாட்டுதல் சொல்லும் கட்டம் 0.8 டிகிரி. ஒரு மீட்டர் தூரத்தில் அது 1.4 சென்டிமீட்டர். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம் சுமார் 2 டிகிரி. அதில் பாதிக்கும் குறைவு. இதைவிடக் கட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு செல்லின் நடுவட்டமும் சுற்றுவட்டமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்; பதில் கட்டத்துக்கு என்பது போய் வெளிச்சத்துக்கு என்றாகிவிடும். சிறிதாக்கிக்கொண்டே போனால் கண்ணின் லென்ஸே உருவத்தை மங்கலாக்கிவிடும். இந்த வித்தியாசத்தையே பயன்படுத்துகிறவர்களும் உண்டு: கேங்க்லியான் செல்களை அழிக்கும் கண் அழுத்த நோயில் (கிளாக்கோமா) 0.8 டிகிரிக் கட்டத்துக்கான பதில் முதலில் சுருங்கும், 16 டிகிரிக் கட்டத்துக்கான பதில் அவ்வளவு சுருங்காது. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் ஆளுக்கு ஆள் மாறும் அலை உயரத்தின் தொந்தரவு குறையும்.

வேகமும் அப்படித்தான். நொடிக்கு 4 தடவை வாக்கில் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனி அலை கிடைக்கும். சுமார் 50 மில்லிநொடியில் ஒரு மேடு, பி50. 95ஐ ஒட்டி ஒரு பள்ளம், என்95. நொடிக்கு 16 தடவை என்று விரட்டினால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வழவழப்பான ஒரே அலையாகிவிடும். அளப்பதற்கு வசதி, ஆனால் மேட்டையும் பள்ளத்தையும் பிரிக்க முடியாது. கோளாறு மாகுலாவிலா நரம்பிலா என்று தெரிய வேண்டுமானால் மெதுவான வேகம்தான் வேண்டும். பி50 விழுந்தால் மாகுலாவைச் சந்தேகிப்பார்கள். பி50 நின்று என்95 மட்டும் விழுந்தால் கேங்க்லியான் செல்லையும் நரம்பையும். கண் பார்த்ததற்கு மூளை தரும் பதிலைத் தலையின் பின்பக்கம் மின்முனை ஒட்டி எடுக்கும் வி.இ.பி.யும் இதே கட்டத் திரையைத்தான் காட்டுகிறது. ஆனால் மாகுலா கெட்டாலும் அதன் அலை பிந்தும், நரம்பு கெட்டாலும் பிந்தும். ஒரு கண் மட்டும் மங்கி, வி.இ.பி. பிந்தியிருக்கிறது என்று யாராவது தாளோடு வந்தால், பேட்டர்ன் ஈ.ஆர்.ஜி. எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்வேன்.

இத்தனை நுணுக்கமான பதிலுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் இருக்கிறது. அலை மிகச் சின்னது. டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் 3 லட்சத்தில் ஒரு பங்கு என்றால் 5 மைக்ரோவோல்ட். கண் சிமிட்டினாலே அதைவிடப் பல மடங்கு வரும். அதனால் நூறு, நூற்றைம்பது தடவை எடுத்துச் சராசரி போடுகிறார்கள்; 144 தடவை எடுத்தால் இரைச்சல் 12இல் ஒரு பங்காகும், வர்க்கமூலக் கணக்கு. அடுத்தது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு குறையக் குறைய அலையும் கிட்டத்தட்ட நேர்விகிதத்தில் குறையும். வி.இ.பி. அப்படியல்ல, கொஞ்சம் வேறுபாடு இருந்தாலே நிரம்பிவிடும். ஆகவே புரை விழத் தொடங்கிய கண்ணிலும், கண்ணாடி போடாத கண்ணிலும் பேட்டர்ன் அலை பொய்யாகச் சிறுக்கும். இதே காரணத்தால்தான் கண்ணின் மேல் வைக்கும் லென்ஸ் மின்முனை இதற்கு ஆகாது. கீழ் இமையோரம் ஒரு மெல்லிய வெள்ளிப்பூச்சு நூலை வைப்பார்கள். "கண்ணுக்குள்ள முடி கெடக்கிற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

கண்பாவையை விரிக்கவும் கூடாது. அக்காவின் வயதில் தூரத்துக்கேற்பக் குவியத்தை மாற்றும் திறன் எப்படியும் போயிருக்கும். கண்ணாடியும் இல்லாமல், பாவையும் விரிந்து அவள் பார்த்தது கட்டமாகவே இருந்திருக்காது, சாம்பல் நிறப் புகையாக இருந்திருக்கும். அன்றைக்கு வந்த தட்டை அலை அவள் விழித்திரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மானிட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை, தொழில்காரர்கள் யாராவது படித்தால். பழைய டியூப் மானிட்டர் போய் எல்.சி.டி. வந்த பிறகு ஒரு புதுத் தொல்லை. கறுப்பு வெள்ளையாவதற்கும் வெள்ளை கறுப்பாவதற்கும் ஆகும் நேரம் சமமாக இல்லாவிட்டால், ஒவ்வொரு மாற்றத்திலும் திரை முழுக்க ஒரு கணம் வெளிச்சம் கூடும் அல்லது குறையும். அதற்கும் விழித்திரை பதில் சொல்லும், அதைக் கட்டத்துக்கான பதில் என்று நாம் நினைத்துக்கொள்வோம். கட்டமே தெரியாத அளவுக்குத் திரையை மங்கலாக்கி ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்போதும் அலை வந்தால் அது திரையின் வேலை.

மூன்றாவது, மல்டிஃபோகல். திரையில் அறுகோணங்கள். நடுவில் சிறியவை, வெளியே போகப் போகப் பெரியவை, ஏனென்றால் விழித்திரையில் கூம்புச் செல்களின் நெருக்கம் அப்படித்தான் குறைகிறது. நடுவில் 1, சுற்றி 6, 12, 18, 24, ஆக 61. இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் 103. 1990களின் தொடக்கத்தில் எரிக் சட்டர் கொண்டுவந்த முறை இது. ஒவ்வோர் அறுகோணமும் தன்பாட்டுக்கு, மற்றவற்றோடு சம்பந்தமில்லாத வரிசையில் வெளுத்தும் கறுத்தும் மின்னும். எந்த நேரத்தில் பார்த்தாலும் ஏறக்குறைய பாதி வெள்ளை, பாதி கறுப்பு. கண்ணிலிருந்து வருவதோ ஒரே கலவை அலை. எந்த அறுகோணம் எப்போது மின்னியது என்ற வரிசை கணினிக்குத் தெரியும். அந்த வரிசையோடு கலவையை ஒப்பிட்டு 61 இடத்துக்கும் தனித்தனி அலையைப் பிரித்தெடுத்துவிடுகிறது. பேச்சு இரைச்சல் நிறைந்த கல்யாணப் பந்தலில் தெரிந்த குரலை மட்டும் பிடிப்பது மாதிரி என்று சொல்லலாம், இங்கே 61 குரலையும் பிடித்தாக வேண்டும். இந்த அலையில் பேசுவது பெரும்பாலும் கூம்பும் அதன் இருமுனைச் செல்லும். கேங்க்லியானுக்குப் பெரிய பங்கில்லை. கண் அழுத்த நோய்க்கு இதைக் கேட்டு வாங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை. பார்வை நடுப்புள்ளியில் நிற்க வேண்டும். கண் நகர்ந்தால் வரைபடம் முழுக்கக் குழம்பும். 61க்கு ஒரு பதிவு 4 நிமிடம் வாக்கில், 103க்கு 8. அரை நிமிடத்துக்குள்ளான துண்டுகளாக எடுப்பதால் நடுநடுவே கண்ணை மூடிக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளுக்கும், நடுப்பார்வையே இல்லாதவர்களுக்கும் கஷ்டம். இதற்குப் பாவையை விரிக்க வேண்டும், பேட்டர்னுக்கு நேர் எதிர்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். இந்த மாத்திரையின் பாதிப்பு வழக்கமாக நடுப்புள்ளியை விட்டுவிட்டு அதைச் சுற்றி வளையமாக வரும். ஃபுல் ஃபீல்டு அதைக் காட்ட விழித்திரை பரவலாகக் கெட்டிருக்க வேண்டும்; அந்த நிலைக்குப் போகுமுன் பிடிக்கத்தானே இத்தனை பாடு. பேட்டர்ன் மாகுலாவைக் கேட்கும், சரி. ஆனால் முழுப் பகுதிக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுக்கும், வளையம் எங்கே என்று சொல்லாது. இன்னொன்று எனக்குத் தீர்மானமாகப் பட்டது. ஆசிய மரபினரிடம் பாதிப்பு அந்த உள்வளையத்தில் வராமல் இன்னும் வெளியே, 8 டிகிரியும் அதற்கு அப்பாலும் தொடங்குவது உண்டு என்று 2015இல் ஆய்வு வெளிவந்தது. பேட்டர்ன் திரை வழக்கமாக 15 டிகிரி அகலம். நடுவிலிருந்து பக்கத்துக்கு 7.5 டிகிரி. பாதிப்பு திரைக்கு வெளியே நடந்துகொண்டிருந்தால், கண்ணாடி போட்டு, பாவை விரிக்காமல், எல்லாம் ஒழுங்காக எடுத்தாலும் பேட்டர்ன் "சரி" என்றுதான் சொல்லும். மல்டிஃபோகல் திரை 40 டிகிரிக்குக் குறையாது. ஃபீல்டு டெஸ்டிலும் 10 டிகிரி வரைக்குமான 10-2 மட்டும் போதாது, 24 டிகிரி வரை போகும் 24-2வும் வேண்டும் என்று சொல்வதற்கு இதே காரணம். ஆக அக்காவுக்கு மல்டிஃபோகல். அடுத்த தடவை டாக்டரிடம் இதை அப்படியே கேட்டேன். அவரும் அதைத்தான் நினைத்திருந்தாராம். சீட்டில் ஒரு வார்த்தை கூட எழுதியிருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் மல்டிஃபோகல் கேட்கக் கூடாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறவன். விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், அதனால் இருட்டிலேயே தலையில் லைட் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். மற்றவர்கள் நிலா வெளிச்சத்தில் நடக்கிற வரப்பில் அவன் தடுக்கி விழுகிறான். எழுத்தை மட்டும் கடைசி வரி வரை வாசிக்கிறான். அவனுக்கு வேண்டியது பழைய ஃபுல் ஃபீல்டு: 20 நிமிடம் இருட்டில் உட்கார வைத்துக் கம்பிச் செல்களை எழுப்பி, மங்கிய வெளிச்சம் அடித்துப் பார்ப்பது. பரம்பரையாக வரும் விழித்திரை நோயாக இருந்தால் அந்த அலை அடியோடு இல்லாமல் போயிருக்கலாம், அதே கண்ணில் பேட்டர்ன் அலை நன்றாக வரலாம், நடுப்பகுதி இன்னும் பிழைத்திருப்பதால். மாகுலா மட்டும் கெட்ட கண்ணில் இது தலைகீழ். தவறான சோதனையை எடுத்து "நார்மல்" என்று வாங்கிக்கொண்டு வருவதுதான் இதில் உள்ள ஆபத்து.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி 80 கிலோமீட்டர் சொச்சம். தக்கலை, மார்த்தாண்டம்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். எங்கே போனாலும் போகுமுன் போனில் கேளுங்கள்: நம் சீட்டில் இருக்கிற வகையை அங்கே எடுக்கிறார்களா, எந்தக் கிழமை, சொட்டு மருந்து விடுவார்களா. ஒரே நாளில் இரண்டு எடுப்பதானால் பேட்டர்ன் முதலில், சொட்டு மருந்து பிறகு, மற்றவை அதற்கப்புறம். ஃபிளாஷ் அடித்து விழித்திரையைப் படம் எடுப்பதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணாடி இரண்டு இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு மாசி மாதத்தில் எடுத்தோம். ரப்பர் தளிர்க்கிற காலம், வீட்டுத் தேன்பெட்டிகளில் அடை நிரம்பிக்கொண்டிருந்தது; விட்டுவிட்டு வர மனசில்லாமல்தான் வந்தாள். இருட்டு அறையில் திரை ஓடத் தொடங்கியதும் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது: "இது நம்ம தேனடை மாதிரில்லா இருக்கு!" "பேசாதீங்கம்மா, நடுவுல பாருங்க" என்றார் டெக்னீஷியன். எட்டு நிமிடம் உறங்காமல் பார்த்தாள். வளையங்களில் நான்கு ஒழுங்காக இருந்தன. இடது கண்ணில், நடுவிலிருந்து எண்ணினால் நான்காவது வளையத்தில் மூக்குப் பக்கம் மட்டும் அலை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. மாத்திரையை 200க்கு மேல் போகவிடக் கூடாது என்றும், ஆறு மாதம் கழித்து இதையே திரும்ப எடுத்து அந்த இடத்தை மட்டும் ஒப்பிடலாம் என்றும் டாக்டர் சொன்னார். வாத டாக்டருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை சோதனையின் முழுப் பெயரையும் சீட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.